பெயர்ப் பெட்டியில் இனிஷியலை எங்கே வைப்பது?

கரிசல்காடு:
ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் பதிவுப் படிவம் செய்கிறோம். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா மூன்று இடத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கையில் இருக்கும் டெம்ப்ளேட்டில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இரண்டும் கட்டாயம். லாஸ்ட் நேமுக்குக் குறைந்தது 2 எழுத்து வேண்டும் என்று வேறு விதி. விளைவு தெரிந்ததுதான். அந்தப் பெட்டியில் ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் கோடு போடுகிறார், ஒருவர் 'என்ஏ' என்கிறார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டாம் தடவையும் அடிக்கிறார். இனிஷியலை முதல் பெட்டியில் போட்டவருக்கு 'அன்புள்ள கே' என்று மடல் போகிறது.

தேவைகள்: தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், பிடிஎஃபில் அடையாள அட்டை, அகர வரிசைப் பட்டியல், எஸ்எம்எஸ். பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், முன்னால் திரைக்கு ரியாக்ட். இனிஷியலுக்கு என்று தனிப் பெட்டி வைத்தால் தீருமா?

வரிக்குதிரை:
தீராது, கூடும். இனிஷியல் ஒன்றா இரண்டா மூன்றா, முன்னாலா பின்னாலா, ஒரெழுத்தா முழுச் சொல்லா என்று எதுவுமே நிலையானதில்லை. சிலருக்கு அப்பா பெயர், சிலருக்கு ஊரும் அப்பாவும், சிலருக்கு அம்மா பெயர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாற்றியவர்களும் உண்டு, மாற்றாதவர்களும் உண்டு. அதனால் 'தந்தை பெயரின் முதலெழுத்து' என்று பெட்டிக்குத் தலைப்பு வைத்தாலே பாதிப் பேருக்குப் பொய்யாகிவிடும்.

ஒரே பெட்டி வையுங்கள்: 'முழுப் பெயர், நீங்கள் எழுதும் விதத்திலேயே'. அதன் கீழே இன்னொன்று: 'உங்களை எப்படி அழைக்கலாம்?' மடலும் எஸ்எம்எஸும் இரண்டாவதிலிருந்து போகட்டும், அட்டையில் முதலாவது அச்சாகட்டும். எச்டிஎம்எல்லில் ஆட்டோகம்ப்ளீட் மதிப்பை வெறும் 'நேம்' என்று கொடுங்கள். 'கிவன்-நேம்', 'ஃபேமிலி-நேம்' என்று பிரித்துக் கொடுத்தால் பிரவுசர் தானே ஊகித்து வெட்டி நிரப்பிவிடும்.

இடைவெளியை வைத்து நிரலில் பிரிக்கும் யோசனை வந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அப்துல் கலாம் என்பதில் அப்துல் ஃபர்ஸ்ட் நேமும் இல்லை, கலாம் குடும்பப் பெயரும் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் பெயர். விஸ்வநாதன் ஆனந்தை உலகமே 'விஷி' என்கிறது. அது அவருடைய அப்பா பெயரின் சுருக்கம். முதல் சொல்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும் எல்லா நிரலும் செய்வது இதைத்தான்.

கொம்பன்:
பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, வரிக்குதிரை. ஆனால் வருமான வரிக்கான பான் அட்டை விண்ணப்பத்தில் லாஸ்ட், ஃபர்ஸ்ட், மிடில் என்று மூன்று பெட்டி. லாஸ்ட் நேம் கட்டாயம், அதில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நாளைக்கு அந்தச் சங்கம் கேஒய்சி, அதாவது ஆள் அடையாளச் சரிபார்ப்பு, கேட்கும் இடத்தோடு இணைய வேண்டி வந்தால்? ஒரே பெட்டியில் வாங்கி வைத்ததை எங்கே கொண்டுபோய் வெட்டுவது?

வரிக்குதிரை:
வெட்டவே வேண்டாம், அங்கே போகும்போது கேளுங்கள். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பானில் மூன்று. பாஸ்போர்ட்டில் கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு, அதில் சர்நேம் காலியாக இருந்தாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். மூன்று ஆவணம், மூன்று வடிவம். ஆதாரில் 'முருகன் எஸ்' என்றும் பானில் 'முருகன் சுப்பையா' என்றும் இருப்பவருக்கு இரண்டையும் இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று வருவது இதனால்தான். உங்கள் டேட்டாபேஸில் எந்த வடிவத்தை வைத்தாலும் மற்ற இரண்டுக்கும் அது பொருந்தாது.

ஆகவே உறுப்பினர் அட்டவணையில் அவர் சொன்ன பெயர் மட்டும். ஆவணப் பெயருக்குத் தனி அட்டவணை: உறுப்பினர் எண், ஆவண வகை, அதில் அச்சடித்திருக்கும் பகுதிகள் அப்படியே. தேவை வராதவரை அந்த அட்டவணை காலியாகவே கிடக்கட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் 'பான் அட்டையில் உள்ளபடி' என்று எழுதினால் ஆட்கள் அட்டையைப் பார்த்து அடிப்பார்கள். வெறும் 'லாஸ்ட் நேம்' என்று போட்டால் என்ன வரும் என்று மேலே கரிசல்காடே சொல்லிவிட்டார்.

கொம்பன்:
சரி, பயணத்துக்கு? சர்நேம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு டிக்கெட் போடுவதுதான் பெரிய தலைவலி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கிவன் நேம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் 'எஃப்என்யூ' போடச் சொல்கிறார்கள், அதாவது முதற்பெயர் தெரியாது.

வரிக்குதிரை:
அதை அந்த வெளி அமைப்பின் ஏபிஐக்கு (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) அனுப்பும் அடாப்டரில், அதாவது வடிவம் மாற்றித் தரும் நிரலில், எழுதுங்கள். ஒவ்வொரு வெளி அமைப்புக்கும் ஒரு சிறு ஃபங்ஷன். ஒன்று பெயரை இரண்டு தடவை கேட்கும், ஒன்று 'எஃப்என்யூ' கேட்கும், ஒன்று வெறுமையை ஏற்கும். அந்தச் சேட்டையை உங்கள் மூல அட்டவணைக்குள் விட்டால், இரண்டு வருஷம் கழித்து 'எஃப்என்யூ முருகன்' என்று அட்டை அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பினாங்குக்காரர்:
மலேசியா என்று சொன்னதால் இது. இங்கே மைகார்டில், அதாவது தேசிய அடையாள அட்டையில், தமிழர் பெயர்களின் நடுவே 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம் வரும்: 'ஏ', ஒரு சாய்கோடு, பிறகு 'எல்' அல்லது 'பி'. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். சிங்கப்பூரில் அதே இடத்தில் 'எஸ்/ஓ', 'டி/ஓ'. மறுபெயர் உள்ளவர்களுக்கு 'அட்' குறியும் வரும். ஆக உங்கள் சரிபார்ப்பு சாய்கோட்டையும் அட் குறியையும் ஏற்க வேண்டும். நிறையப் படிவங்கள் 'சிறப்புக் குறிகள் அனுமதியில்லை' என்று அங்கேயே நிறுத்திவிடும்.

கொம்பன் சொன்ன விமான டிக்கெட் விஷயத்தில் இது இன்னும் மோசம். முன்பதிவு அமைப்புகளில் சர்நேமையும் கிவன் நேமையும் பிரிக்கும் குறியே சாய்கோடுதான். பெயருக்குள்ளேயே ஒரு சாய்கோடு இருந்தால் எங்கே பிரிப்பது என்று அதற்குத் தெரியாது. அதனால் டிக்கெட்டில் சாய்கோட்டை எடுத்துவிட்டு 'ஏஎல்' என்று ஒட்டி எழுதுவதோ, முழுக்க விட்டுவிடுவதோ வழக்கம். வரிக்குதிரை சொல்லும் அடாப்டர் இதற்கும் சரிப்படும், ஆனால் மூலத்தில் சாய்கோடு பத்திரமாக இருக்கட்டும்.

யாழ்தேவி:
இலங்கைப் படிவங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு வசதி விளங்கும். இங்கே பெரும்பாலும் 'முழுப்பெயர்' ஒரு வரி, 'முதலெழுத்துக்களுடன் பெயர்' இன்னொரு வரி. இரண்டையும் ஆளே எழுதித் தருவார். எதை விரிப்பது, எதைச் சுருக்குவது என்று கணினி ஊகிக்கத் தேவையில்லை. கரிசல்காடு அண்ணை, அட்டையில் இடம் குறைவென்றால் இந்த இரண்டாவது வரியையும் கேளுங்கோ. 'சுருக்கமாக அச்சிட வேண்டுமென்றால் எப்படி?' என்று ஒரு விருப்பப் பெட்டி போதும்.

இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தப் போகாதேங்கோ. இங்கே தகரத்துக்கு எச் சேர்த்து எழுதுவதுதான் வழமை. சென்னையில் செய்த சில ஆட்டோகரெக்ட் பட்டியல்கள் அதைப் பிழை என்று காட்டுகின்றன. பெயர்ப் பெட்டியில் ஸ்பெல்செக்கை அணைத்துவிடுவதே நல்லது.

சுழியம்:
யாரும் இன்னும் எழுத்துக்குள் இறங்கவில்லை. உண்மையான அடி அங்கேதான் விழும்.

முதலில் ரெகெக்ஸ், அதாவது பெட்டியில் எந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் வடிவ விதி. இணையத்தில் கிடைப்பதை எடுத்து யூனிகோட் 'லெட்டர்' வகையை மட்டும் அனுமதித்தால் 'கமல' போகும், 'கமலா' போகாது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'மார்க்' வகை. லெட்டர், மார்க் இரண்டையும் சேருங்கள். கூடவே இடைவெளி, முற்றுப்புள்ளி, இணைகோடு, மேற்கோள் குறி, சாய்கோடு, அட். ஜாவாஸ்கிரிப்டில் ரெகெக்ஸின் கடைசியில் யூ கொடி இல்லாவிட்டால் இந்த வகைப் பெயர்கள் வேலையே செய்யாது. இன்னும் நேர்மையாகச் சொன்னால், எண்ணும் கட்டுப்பாட்டு எழுத்துகளும் கூடாது என்று மட்டும் தடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

அடுத்து நீளம். இனிஷியல் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் 1 என்று வைப்பவர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்கிறார்கள். 'கா' என்ற இனிஷியல் இரண்டு குறியெண் (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்): ககரம், துணைக்கால். 'ஸ்ரீ' நான்கு: ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி. பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால் ஐந்து. மேக்ஸ்லெங்த் எண்ணுவது இவற்றைத்தான், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல.

'கிருஷ்ணமூர்த்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 8 எழுத்து. குறியெண் 15. யூடிஎஃப்-8 சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 45 பைட். பழைய அமைப்பு ஏதாவது 30 பைட்டோடு வெட்டினால் மிச்சம் 'கிருஷ்ணமூர'. பைட் எல்லை எழுத்தின் நடுவில் விழுந்தால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். போஸ்ட்கிரெஸில் வார்ச்சார் எண்ணுவது பைட்டை அல்ல, குறியெண்ணை. ஆனாலும் கஞ்சத்தனம் எதற்கு, 'டெக்ஸ்ட்' வகையே போடுங்கள். மேல் எல்லையை 200 என்று நிரலில் வையுங்கள்.

கரிசல்காடு:
அவதார் வட்டத்தில் பெயரின் முதலெழுத்தைக் காட்டுகிறோம். 'கோபால்' என்பவருக்கு வெறும் 'க' வருகிறதே, அது இதனால்தானா?

சுழியம்:
அதேதான். ஜாவாஸ்கிரிப்டின் சார்அட் பூஜ்ஜியம் தருவது முதல் குறியெண்ணை மட்டும். இன்ட்ல்.செக்மென்டரை 'கிராஃபீம்' (கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து) நிலையில் வைத்து முதல் துண்டை எடுத்தால் 'கோ' கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இது 2024இல்தான் வந்தது, பழைய பதிப்புகளை ஆதரிப்பதாக இருந்தால் பாலிஃபில் (இல்லாத வசதியை நிரப்பும் நிரல்) தேவை.

அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. யூனிகோடின் கிராஃபீம் விதி தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, தமிழை அதில் சேர்க்கவில்லை. தமிழில் புள்ளி பெரும்பாலும் பிரித்தே நிற்பதால் அது நியாயம்தான். ஆனால் ஸ்ரீதருக்கு 'ஸ்' மட்டும் வரும், க்ஷமாவுக்கு 'க்' மட்டும். இந்த இரண்டு வடிவத்தையும் முன்னாலேயே சோதித்து விலக்கு எழுத வேண்டும். 

எழுத்தாணி:
சேமிப்பதற்கு முன் என்எஃப்சி (ஒரே எழுத்தின் வேறு வேறு குறி வரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) ஓட்டச் சொல்ல மறந்துவிட்டீர்களே. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் அடிக்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு, குறியேற்றங்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வடிவம் வரக்கூடும். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

என்எஃப்சி தொடாதவையும் உண்டு. 'கௌரி' பாதிப் பேர் கையில் 'கெளரி' ஆகத்தான் வரும்: ககரம், ஒற்றைக் கொம்பு, பிறகு ளகரம் என்றே அடிக்கிறார்கள். அதே கதை ஔவைக்கும். ஸ்ரீயையும் இரண்டு விதமாக அடிக்கலாம். 2005இல் யூனிகோட் 4.1 வந்தபோது ஶகரம் தனி எழுத்தாகச் சேர்ந்தது, அதை வைத்து எழுதும் 'ஶ்ரீ'யும் ஸகரத்தை வைத்து எழுதும் 'ஸ்ரீ'யும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். 'ஸ்ரீநிவாசன்' என்று தேடினால் ஆள் இருந்தும் கிடைக்க மாட்டார்.

சுழியம்:
அப்படியானால் சேமிக்கும்போதே கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்றிவிட வேண்டியதுதானே?

எழுத்தாணி:
மாற்றினால் வெள்ளைச்சாமி என்ன ஆவார் என்று பாருங்கள். வகரம், ஒற்றைக் கொம்பு, ளகரம், புள்ளி. உங்கள் விதி அவரை 'வௌ' ஆக்கிப் புள்ளியை அந்தரத்தில் தொங்கவிடும். தெள்ளமுது, வெள்ளையம்மாள் எல்லாருக்கும் அதே கதி.

மாற்றத்தைத் தேடல் சாவியில் மட்டும் செய்யுங்கள். பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு காலம் (நெடுவரிசை). அதில் என்எஃப்சி, கொம்பு-ளகரம் ஔகாரமாக, ஶ்ரீ ஸ்ரீயாக, நிறுத்தக்குறிகளும் அகலமில்லா இணைப்பான்களும் (கண்ணுக்குத் தெரியாத குறிகள்) நீக்கம், ஆங்கிலமாக இருந்தால் சிறிய எழுத்து. தேடுபவர் அடிப்பதையும் அதே ஃபங்ஷனில் ஓட்டி ஒப்பிடுங்கள். வெள்ளைச்சாமி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிதைவதால் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சாவியை யாருக்கும் காட்டப் போவதில்லை.

இனிஷியல் முன்பின் சிக்கலும் அங்கேயே தீரும். 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்', 'எஸ்.முருகன்' மூன்றையும் புள்ளியிலும் இடைவெளியிலும் துண்டாக்கி, துண்டுகளை வரிசைப்படுத்தி ஒட்டினால் ஒரே சாவி. ஆனால் இதை வைத்து 'இவர் ஏற்கெனவே உறுப்பினர்' என்று தானாகத் தள்ளிவிடாதீர்கள். எஸ். முருகன் என்று ஒரு தெருவிலேயே நான்கு பேர் இருப்பார்கள். பிறந்த தேதியும் ஒத்துப்போனால் மட்டும் மனிதர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கொம்பன்:
தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலிருந்து தானாகவே எடுத்தால் ஒரு பெட்டி மிச்சமாகுமே. ஒலிபெயர்ப்பு லைப்ரரிகள் நிறைய உண்டு.

எழுத்தாணி:
ஆங்கிலத்தில் ஒரே 'என்' இருக்கிறது, தமிழில் ந, ன, ண. வள்ளியும் வல்லியும் ஆங்கிலத்தில் ஒன்றே. பரிந்துரையாகக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இனிஷியலில் அதுவும் கூடாது. அண்ணாவை ஆங்கிலத்தில் சி.என். என்பார்கள். அது கான்ஜீவரம் நடராஜன். தமிழில் கா.ந. என்று எழுதுபவர்களும் உண்டு, சி.என். என்றே எழுதுபவர்களும் உண்டு. எந்த லைப்ரரியும் 'சி'யிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போகாது. தமிழில் கையெழுத்திடும்போது இனிஷியலும் தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்ட பிறகு, இரண்டு மொழியில் இரண்டு வேறு இனிஷியல் எழுதுபவர்கள் இன்னும் கூடியிருப்பார்கள். இரண்டு பெட்டி வையுங்கள், தமிழ்ப் பெட்டி விருப்பம் என்று போடுங்கள். கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாதவர் அங்கே மாட்டிக்கொண்டு பதிவையே விட்டுவிடக்கூடாது.

கரிசல்காடு:
எழுத்தாணி சார், வரிசைப் பட்டியலுக்கு? டேட்டாபேஸில் வரிசைப்படுத்த ஆர்டர் பை போட்டால் வனிதா, வள்ளிக்கு முன்னால் வருகிறார்.

எழுத்தாணி:
குறியெண் வரிசையில் போகிறது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து, ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில். புள்ளி எல்லாக் குறிகளுக்கும் பின்னால். போஸ்ட்கிரெஸ் ஐசியூ (யூனிகோட் மொழி விதிகளுக்கான லைப்ரரி) ஆதரவோடு நிறுவியிருந்தால் 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' என்ற கொலேஷன், அதாவது வரிசை விதி, தயாராகவே இருக்கும், ஆர்டர் பையில் அதைக் கொடுங்கள். பிரவுசரில் இன்ட்ல்.கொலேட்டர், மொழிக் குறி 'டிஏ'. சர்வரில் நோட்.ஜேஎஸ் 13க்கு முந்தையதாக இருந்தால் முழு ஐசியூ தரவு இயல்பாக வராது.

சோதிக்க இரண்டு தொகுதி போதும். கண், கண்ணன், கணபதி: அகராதி முறை இது. கணபதி முதலில் வந்தால் கொலேஷன் ஏறவில்லை. வசந்தி, வள்ளி, வனிதா: இதில் வனிதா கடைசியில் வர வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 'சு. வள்ளி' சகரத்தில் போய் நிற்பார். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இனிஷியலைப் பின்னால் எழுதுவதன் வசதி இதுதான். முன்னால் புள்ளியோடு நிற்கும் துண்டுகளைக் கடைசிக்குத் தள்ளி ஒரு வரிசைச் சாவி செய்யுங்கள். புள்ளியில்லாமல் 'சு வள்ளி' என்று எழுதியவரையும் பிடிக்க, முதல் துண்டு ஒரே கிராஃபீமா என்று பாருங்கள். 'பூ' என்று ஒற்றை எழுத்திலேயே பெயர் உள்ளவர் வரலாம். அதனால் சாவியைக் கையால் திருத்த நிர்வாகத் திரையில் ஓர் இடம் விடுங்கள்.

வரிக்குதிரை:
அட்டைக்கு டோம்பிடிஎஃப் போல பிஎச்பி லைப்ரரி எதையும் எடுத்துவிடாதீர்கள், கரிசல்காடு. அது எழுத்து வடிவமைப்பு செய்யாது. அடித்த வரிசையிலேயே குறியை வைத்துவிடும். செல்வி 'ச', அதற்கு வலப்பக்கம் ஒற்றைக் கொம்பு என்று அச்சாவாள். எம்பிடிஎஃபில் ஓப்பன்டைப் அமைப்பைத் தமிழ் எழுத்துருவுக்கு இயக்கிவிட்டால் சரியாக வரும். அதைவிடச் சுலபம் ஹெட்லெஸ் குரோம், அதாவது திரையில்லாமல் ஓடும் பிரவுசர். அதை டாக்கரில் ஓட்டினால், ஸ்லிம் (வெட்டிச் சுருக்கிய) படிமத்தில் தமிழ் எழுத்துரு இருக்காது, வெறும் கட்டங்களாக வரும். டெபியனில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' போதும்.

எழுத்துருவைச் சிறிதாக்க சப்செட் செய்தால் (தேவையான எழுத்துகளை மட்டும் வைத்தால்) தமிழ்த் தொகுதியோடு அகலமில்லா இணைப்பான்கள் இரண்டையும், புள்ளியிட்ட வட்டத்தையும், ரூபாய்க் குறியையும் வையுங்கள். லேஅவுட் ஃபீச்சர்களை வெட்டாதீர்கள். வெட்டினால் ஸ்ரீ பிரிந்து நிற்கும், கு, மு எல்லாம் உகரக் குறி தனியாகத் தொங்கும். சிஎஸ்எஸ்ஸில் லெட்டர்-ஸ்பேசிங் பூஜ்ஜியம், லைன்-ஹைட் 1.5க்குக் குறையாமல். பொத்தானுக்குள் 1.2 வைத்தால் 'மூர்த்தி'யின் கீழ்ச் சுழி வெட்டுப்படும்.

கொம்பன்:
எஸ்எம்எஸ் மிச்சம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழ் கலந்தால் 70. நீண்டு இரண்டாய் உடைந்தால் ஒரு துண்டுக்கு 67. இதுவும் குறியெண் கணக்குதான், மேலே சொன்ன கிருஷ்ணமூர்த்தி தனியாகவே 15 சாப்பிடுவார். இந்தியாவில் டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ்களுக்கான பதிவு அமைப்பு) பதிவு செய்த டெம்ப்ளேட்டில் ஒரு மாறிக்கு 30 எழுத்து வரைதான். முழுப் பெயரை அதில் போட்டால் நீளமானவர்களுக்கு மட்டும் செய்தி போகாது. அதைக் கண்டுபிடிக்க லாக் முழுவதும் தேட வேண்டியிருக்கும். இந்த ஒரு இடத்தில் வரிக்குதிரையின் 'எப்படி அழைக்கலாம்' பெட்டிக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன், ஆனால் அதற்கு 30 என்று எல்லை வையுங்கள்.

பினாங்குக்காரர்:
எல்லையை மீறினால் பெட்டியிலேயே சொல்லுங்கள், சத்தமில்லாமல் வெட்டாதீர்கள். இங்கே அப்பா பெயரோடு சேர்த்து எழுதுபவர்களுக்கு 30 மிகச் சாதாரணமாகத் தாண்டும்.

கரிசல்காடு:
கடைசியாக ஒன்று. அலுவலகத்தில் பட்டியலை சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் திறந்தால் தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரிகிறது. நோட்பேடில் சரியாக இருக்கிறது.

சுழியம்:
கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 பாம் (குறியேற்றத்தைக் காட்டும் அடையாளம்) மூன்று பைட்டையும் எழுதிவிட்டுப் பிறகு வரிகளை எழுதுங்கள், எக்செல் இரட்டைச் சொடுக்கிலேயே சரியாகத் திறக்கும். அதே கோப்பை உங்கள் நிரலே திரும்பப் படிப்பதாக இருந்தால் அந்த மூன்று பைட்டைக் கழற்றிவிட்டுப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் காலத்தின் தலைப்பு பொருந்தாது. அட், சமக்குறி, கூட்டல், கழித்தலில் தொடங்கும் பெயர்களை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும்; அப்படிப்பட்ட கட்டத்தின் முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு அனுப்புங்கள்.